சேமியா மிதந்த தாய்லாந்து டீ

பாங்காக்கில் இருந்த ஐந்து நாளும் நான் பச்சையம்மாவாகத்தான் இருந்தேன். பயிற்சிக் கூடத்தில் என் மேசை மேல் வைத்திருந்த அட்டையில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது. மாற்றச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. தைரியமும் போதவில்லை. 'மிஸ் பச்சை' என்று யாராவது கூப்பிட்டால் எழுந்து நின்றேன்.

என் பெயர் சரசு. ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர். பச்சையம்மா அதே பிரிவில் தைக்கிறவள், ஜவ்வாது மலைக்காரி. திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள், சனிக்கிழமை சாயந்திரம் ஏறிப் போவாள். நடுவில் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் என் வீட்டில். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். வீட்டில் நான் ஒருத்திதான். அவள் வந்தால்தான் எனக்குப் பேச்சுத் துணை. ஆறு வருஷம் இப்படி ஓடியிருந்தது.

கம்பெனிக்குப் புதுமாதிரி மெஷின் வரப்போகிறது, அதைப் பழக ஒருத்தரை பாங்காக்குக்கு அனுப்பவேண்டும் என்றபோது மானேஜர் யோசிக்கவே இல்லை, பச்சையம்மாவின் பெயரை அங்கே எழுதி அனுப்பினார். தோலில் நூல் பிடிப்பதில் அவளை மிஞ்ச எங்கள் பிரிவில் ஆள் கிடையாது. அவளுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். மலையில் அவள் வீட்டில் சிக்னல் எடுக்காது என்பதால் என் போன் நம்பரையே எழுதினேன்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. "போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். பச்சையம்மாங்களா?" என்றது ஒரு ஆண் குரல். போலீஸ் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அந்த வாரம்தான் டிவியில் விடாமல் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ரொம்ப உஷாரானவள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. "உனக்கெல்லாம் வேற பொழப்பே இல்லியா? போய் உருப்படற வழியப் பாருய்யா" என்று சொல்லி போனை வைத்தேன். அந்த நம்பரை பிளாக்கும் செய்தேன். கூடச் சாப்பிட்டவர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

அவர் நிஜமான போலீஸ், பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்கக் கூப்பிட்டவர். ஆளைப் பிடிக்க முடியவில்லை என்று அவர் எழுதி அனுப்ப, பாஸ்போர்ட் நின்றுபோனது. எனக்கு விஷயம் விளங்கியபோது கிளம்ப இரண்டு வாரம்தான் இருந்தது. மஸ்கட்டுக்கு ஒரு நடை போகலாம் என்று என்றைக்கோ எடுத்த என் பாஸ்போர்ட் பீரோவில் சும்மா கிடந்தது. மானேஜர் என்னைப் போகச் சொன்னார்.

"மலையில கீற வூட்ட போலீசுக்குக் கண்டுபுடிக்கத் தெரியல. வுடுக்கா, நீயாச்சும் போய்ட்டு வா" என்றாள் பச்சையம்மா.

நான் "ஆமா" என்றேன். அந்த ஒரு ஆமாவை மடித்து வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் பயிற்சி கொடுக்க வந்த அம்மா என் கையைப் பிடித்து, "ஐ ஆம் நோய்" என்றார். உடம்பு சரியில்லையோ என்று பதறிப்போனேன். அப்புறம்தான் அதுவே அவர் பெயர் என்று தெரிந்தது. அவர்கள் மொழியில் 'சின்னது' என்று அர்த்தமாம். ஆள் என்னைவிட ஒரு முழம் உயரம். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் ஒரே அளவுக்குத் தெரியாது என்பதால் பேச்சில் ஒரு தடங்கலும் வரவில்லை.

சாப்பாட்டில் எனக்குக் குறை இல்லை. நம்மைப்போல மூன்று வேளையும் சோறு தின்கிற ஜனங்கள். ஆனால் எதைத் தொட்டாலும் அதில் ஒரு மீன் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். கத்தரிக்காயில்கூட. நான் முட்டைச் சோறும் வாழைப்பழமுமாக நாளைத் தள்ளினேன்.

இரண்டாம் நாள் வேலை முடிந்து நோயம்மா என்னைத் தெருவில் அழைத்துக்கொண்டு போனார். வெயில் வாணியம்பாடியைத் தோற்கடித்தது. கால் கெஞ்சியது. ஒரு தள்ளுவண்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து, "சாயேன்?" என்றார். பரதேசத்தில் ஒரு மனுஷன் என் களைப்பைப் பார்த்து, அதுவும் தமிழில், கொஞ்சம் சாய்ந்துகொள்ளச் சொல்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் வண்டி மேல் சாய்ந்தேன். வண்டிக்குச் சக்கரத்தில் கட்டை வைக்கவில்லை. நானும் வண்டியும் இருபது கிளாஸ்களுமாக நாலடி தூரம் போனோம். நோயம்மா ஓடிவந்து ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் என்னையும் பிடித்தார்.

'சா' என்றால் டீ. 'யென்' என்றால் குளிர்ந்தது. குளிர்ந்த டீ வேண்டுமா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்.

வெட்கத்தில் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். செங்கல் நிறத்தில் டீ, கிளாஸ் முட்ட ஐஸ், மேலே ஒரு விரல் உயரத்துக்குக் கெட்டிப் பால். பால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தித்திப்பு என்றால் அப்படி ஒரு தித்திப்பு. பின்னால் ஒரு வாசனை வந்தது, அது எனக்குப் பழக்கமான வாசனை. பிரியாணிக்குப் போடுகிற அன்னாசிப்பூ. ஆம்பூருக்குப் பக்கத்தில் வாழ்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? இரண்டாவது கிளாஸும் குடித்தேன். முதலில் தோன்றியது, இது பச்சையம்மாவுக்குப் பிடிக்கும் என்பதுதான். அவள் சாதாரண டீக்கே நாலு ஸ்பூன் சர்க்கரை போடுகிறவள்.

மூன்றாம் நாள் கால்வாய்ப் படகில் தனியாகப் போய், எதிர்த்திசைப் படகில் ஏறி, கடைசித் துறை வரைக்கும் போனேன். அங்கே இறங்கச் சொன்ன பெண் என்னைத் திட்டினாளா வழி சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. கையை நீட்டிய பக்கமாக நடந்து வந்து சேர்ந்தேன்.

நான்காம் நாள் நோயம்மா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அந்த டீயைப் போட்டுக் காட்டினார். ஒன்பதாவது மாடியில் ஒரு அறை. அடுப்பு பால்கனியில் இருந்தது. கொதிக்கும் தண்ணீரில் அந்தச் சிவப்புத் தூளை நாம் போடுவதைப்போல மூன்று பங்கு போட்டார். கருத்துத் திரண்டு வரும்வரை விட்டார். பிறகு காலுறை மாதிரி நீளமான துணிப்பையில் ஊற்றி வடிகட்டினார். சூடு இருக்கும்போதே சர்க்கரையும் டின்னில் வரும் இனிப்புப் பாலும் கலந்து, உயரத்திலிருந்து ஆற்றினார், நம் ஊர் டீ மாஸ்டரைப்போலவே. அப்புறம்தான் ஐஸ். கடைசியில் இனிப்பில்லாத கெட்டிப் பால்.

"ஊரில் யாருக்குப் போட்டுக் கொடுப்பாய், பச்சை?" என்று கேட்டார்.

"என் தோழிக்கு" என்றேன்.

"அவள் பெயர் என்ன?"

சொல்லத் தெரியாமல், "சரசு" என்றேன்.

ஒரு பெரிய பொட்டலம் தூளை என் பையில் திணித்து அனுப்பினார்.

திரும்பி வந்தபோது பச்சையம்மா வேலைக்கு வரவில்லை. சாமை அறுப்பு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பொங்கல் போனது. அப்புறம் புளி சீசன் என்று சொல்லி அனுப்பினாள். மூன்று மாதம் ஆகிவிட்டது. அவள் மெஷினில் வேறு பெண்ணை உட்கார வைக்கலாமா என்று மானேஜர் என்னைக் கேட்டார். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்து, வருகிறேன் என்று மலைக்குச் சொல்லி அனுப்பினேன்.

சும்மா போய் நின்றால் வாய் வராது, டீயை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். தூள், இனிப்புப் பால் டின் இரண்டு, சர்க்கரை எல்லாம் எடுத்துக்கொண்டேன். இனிப்பில்லாத கெட்டிப் பால் ஆலங்காயத்தில் எந்தக் கடைக்காரருக்கும் புரியவில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சிக்கொள்ளலாம் என்று விட்டேன். மிச்சம் ஐஸ்தான். மலையில் அவள் ஊரில் பிரிட்ஜ் கிடையாது. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, பாலிதீன் பையில் கட்டி, மீன் கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியை எத்தனை தடவை கழுவினாலும் அது மீன் பெட்டிதான்.

பஸ்ஸில் ஏறியதும் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "மலைக்கு மீனு எடுத்துக்கினு போறீங்களா?"

"மீன் இல்லங்க, ஐஸ்."

கண்டக்டர் காதில் அது விழுந்தது. "ஐஸா? அங்கயே குளிரு கீது, அதுக்கு ஐஸு எதுக்கும்மா?"

"டீ போடறதுக்கு."

அதற்குப் பிறகு பஸ்ஸில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும் தன் கோழிக்கூடையை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

மலை ஏறி நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. டிரைவர் ஓரமாக நிறுத்தி இறங்கினார். எல்லோரும் இறங்கினோம். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிவிட்டது. பக்கத்தில் ஓடை இருந்தது, ஆனால் பங்குனி வெயிலில் அதில் கல்தான் இருந்தது.

"யாருகிட்டயாவது தண்ணி கீதா?" என்றார் டிரைவர்.

ஜனங்கள் பாட்டிலில் கால்வாசி, அரைவாசி என்று நீட்டினார்கள். அது போதாது. பிறகு, பேசி வைத்ததுபோல எல்லோரும் என் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அது உருகட்டும், நமக்கும் எஞ்சின் ஆறணும், சரியா இருக்கும்" என்றார் டிரைவர். என்னை அவர் கேட்கக்கூட இல்லை.

ரோட்டோரப் புளியமரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்து, பஸ் மொத்தமும் சுற்றி உட்கார்ந்து ஐஸ் உருகுவதைப் பார்த்தது. சீக்கிரம் உருகவேண்டும் என்று கண்டக்டர் பெட்டியை வெயிலுக்கு நகர்த்தினார். உருகக்கூடாது என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். கோழிக்கூடை அம்மா, "மீன் வாசன வருதே" என்று சொல்லிக்கொண்டே மூன்று துண்டு தின்றாள். கடைசியில் டிரைவர் பெட்டியைத் தூக்கி மொத்தத் தண்ணீரையும் ரேடியேட்டரில் ஊற்றினார். பஸ் உறுமிக் கிளம்பியது.

"உங்களாலதான் வண்டி ஏறுதும்மா" என்று கண்டக்டர் என்னை முன் சீட்டில் உட்காரவைத்தார். மடியில் காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் வரைக்கும் மரியாதையாகப் போனேன்.

ஸ்டாண்டில் பச்சையம்மாவின் வீட்டுக்காரர் வேடியப்பன் பைக்கோடு நின்றிருந்தார். அதிகம் பேசாத மனுஷன். "வாங்கக்கா" என்று பெட்டியை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, அது கனமில்லாமல் இருப்பதைப் பார்த்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். 

அவர்கள் வீட்டு வாசல் முழுக்கப் புளி. பச்சையம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் கட்டையால் தட்டி ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பச்சையம்மா எழுந்து, "வாக்கா" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் உட்கார முறத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

"பெட்டில இன்னா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று சாயந்திரமே ஐஸ் இல்லாமலாவது டீயைப் போட்டுவிடுவது என்று இறங்கினேன். பக்கத்து வீட்டில் பால் வாங்கினேன். அவள் வீட்டுப் பின்பக்கம் கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய அலுமினியக் குண்டானை எடுத்து, அடுப்பில் வைத்துப் பாலை ஊற்றிச் சுண்டவிட்டேன். பச்சையம்மா வாசற்படியில் உட்கார்ந்து கொட்டை எடுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் சூடேறியதும் ஓரத்தில் திப்பித் திப்பியாக ஒதுங்கியது. பிறகு மொத்தமாகப் பிரிந்து, நடுவில் வெளிர்ப்பச்சையாகத் தண்ணீர் நின்றது.

"திரிஞ்சி போச்சு" என்றேன்.

"திரியும்க்கா. அது புளி ஊற வெக்கிற குண்டான்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியே" என்றாள். புளியங்கொட்டை ஒன்று அவள் கையிலிருந்து முறத்தில் விழுந்து உருண்டது. 

திரிந்த பாலில் சர்க்கரை போட்டு வேடியப்பன் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். தாய்லாந்து டீ என்றால் அதுதான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பாத்திரத்தை நானே சாம்பல் போட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, நக்கியும் பார்த்து எடுத்து வைத்தேன். வேடியப்பன் பைக்கைக் கிளப்பினார்.

"ஐஸு தானே? ஜமுனாமரத்தூர்ல கெடைக்கும். நான் போய்ட்டு வர்றேன்."

அவர் போனதும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பால் ஒரு அடுப்பில் அமைதியாகச் சுண்டியது. இன்னொன்றில் தூள் கொதித்தது. அந்த வாசனைக்கு, கொல்லையில் கட்டியிருந்த மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. வடிகட்டத் துணி வேண்டும் என்றேன். பச்சையம்மா துணிப் பெட்டியைத் திறந்து வேடியப்பனின் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துவந்தாள். கரையோடு பாதியாகக் கிழிக்கப்போனாள்.

"புதுசு மாதிரி கீதே" என்றேன்.

"பொங்கலுக்கு எடுத்தது. இன்னாத்துக்கு அவருக்கு இவ்ளோ நீட்டு வேட்டி?" என்று கிழித்தாள்.

துணியை நாலாக மடித்து, அவள் இரண்டு கையாலும் இன்னொரு பாத்திரத்துக்குமேல் தொட்டில் மாதிரி இழுத்துப் பிடித்தாள். நான் கொதிக்கும் டீயை ஊற்ற ஆரம்பித்தேன். வெள்ளைத் துணி மளமளவென்று காவியானது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இவள் இரண்டு கையும் மாட்டியிருக்கிறது, எழுந்து போக முடியாது. என் கையிலும் கொதிக்கிற பாத்திரம். நானும் ஓட முடியாது. இதைவிட நல்ல நேரம் வராது.

"பச்சையம்மா, போலீசு உன் வூட்டத் தேடலடி. எனக்குத்தான் போன் பண்ணாரு. நான் ஏமாத்தறவன்னு நெனச்சித் திட்டிட்டு வெச்சிட்டேன். பிளாக்கும் பண்ணிட்டேன். நீ மலையாலதான்னு சொன்னப்ப ஆமான்னுட்டேன். என்னாலதான் போச்சு."

ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது ஊற்றுவதை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

"ஊத்துக்கா, ஆறிடப் போவுது" என்றாள்.

ஊற்றினேன். அவசரத்தில் கொஞ்சம் அவள் விரலில் பட்டது. அவள் துணியை விடவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீ பிளேன் ஏறின வாரம் அந்த ஆளே பைக்குல மேல வந்தாரு. வேர்த்துப் போய் கீறாரு, பாவம். மோர் குடுத்தேன். 'இன்னாம்மா, உங்க நம்பருக்குப் பண்ணா ஒரு பொம்பள, போய் உருப்படற வழியப் பாருய்யான்னு சொல்லிட்டு வெச்சிடுச்சு'ன்றாரு. ஆறு வருசமா டெய்லி காலைல லைன்ல நீ எங்கள சொல்றதுதானே அது. வேற யாரு சொல்லுவா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஊர்லேர்ந்து வந்தவொடனே சொல்லுவேன்னு பாத்தேன். பொங்கலுக்கு சொல்லுவேன்னு பாத்தேன். புளியே வந்துருச்சு."

"கோவமா?"

"போலீச திட்டினதுக்கு இன்னாத்துக்குக் கோவம்? யாரா இருந்தாலும் திட்டியிருப்பாங்க. அந்த ஆமான்னு சொன்ன பாரு, அதுக்குத்தான். நான் ஊர் பூரா எங்க மலைய திட்டிக்கினு இருந்தேன். ரோடு இல்ல, சிக்னல் இல்ல, நாதியில்லாத எடம்னு. இவருகிட்டகூட சண்ட போட்டேன், கீழ வூடு பாக்கலாம்னு. நீ பக்கத்துல ஒக்காந்துக்கினு ஆமா ஆமான்ற."

 டீ முழுக்க வடிந்துவிட்டது. அவள் துணியை முறுக்கிப் பிழிந்தாள், வேண்டிய அளவுக்குமேல் பலமாக. அப்புறம் உள்ளே போய் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். பாஸ்போர்ட். அந்தப் போலீஸ்காரர் திரும்ப எழுதி அனுப்பி, ஜனவரியிலேயே தபாலில் வந்துவிட்டதாம். போட்டோவில் பச்சையம்மா யாரையோ அடிக்கப் போகிறவள்போல முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எதுக்கு இவ்ளோ கோவம்?" என்றேன்.

"அன்னிக்கு உன்மேல கோவமே இல்ல. சிரிக்கக் கூடாதுன்னாங்க, அடக்கிக்கினு ஒக்காந்திருந்தேன்."

அவளுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. அவள் முதலில் நிறுத்திக்கொண்டாள்.

பைக் சத்தம் கேட்டது. வேடியப்பன் தெர்மாகோல் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நான் ஆசையாகத் திறந்தேன். உள்ளே இருபது சேமியா ஐஸ். பள்ளிக்கூடத்து வாசலில் விற்பார்களே, குச்சி சொருகி, நுனியில் சேமியா ஒட்டிக்கொண்டிருக்கும் பால் ஐஸ், அதுதான்.

"வெறும் ஐஸு இல்லன்னுட்டாங்க. இது இருந்துச்சு" என்றார். பிறகு கொடியில் காவி நிறத்தில் தொங்கிய துணியைப் பார்த்தார். கரையைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். பச்சையம்மாவைப் பார்த்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் போய்ப் புளி தட்ட உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லை. வடித்த டீயில் சர்க்கரையும் இனிப்புப் பாலும் கலந்து, பாதித் தெரு வேடிக்கை பார்க்க உயரத்திலிருந்து ஆற்றினேன். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது என்று கண்ணாடி டம்ளர் தேடி நாலு வீட்டில் வாங்கினோம். டம்ளருக்கு இரண்டு சேமியா ஐஸை உடைத்துப் போட்டு, டீயை ஊற்றி, மேலே சுண்டிய பாலை விட்டேன். பால் சரியாக பாங்காக்கில் இறங்கியதைப்போலவே மெதுவாக இறங்கியது. அதன் கூடவே சேமியாவும் இறங்கியது.

பக்கத்து வீட்டுப் பெண்களில் மூத்தவள் முதலில் வாய் வைத்தாள். "கேசரியக் கரைச்ச மாதிரி கீது" என்றாள். அடுத்தவள், "வயித்துக்கு எதுனா பண்ணுமா?" என்று கேட்டுக்கொண்டே காலி செய்தாள். வேடியப்பன் குடித்துவிட்டு, நேற்றுச் சாப்பிட்டதுதான் மேல் என்றார்.

பச்சையம்மா கடைசியில் குடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் குடித்தாள், நிறுத்தினாள், டம்ளருக்குள் விரலை விட்டு ஒரு சேமியாவை எடுத்துத் தின்றாள். பிறகு மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள்.

"சக்கர பத்தல" என்றாள்.

பாங்காக்கில் அந்த டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று யாராவது சொன்னால் நோயம்மா மயங்கி விழுந்துவிடுவார். நான் இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டேன்.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு, என் முன்னால் ஒரு கூடை புளியைக் கொண்டுவந்து வைத்தாள். "சும்மா ஒக்காந்து பேச முடியாது, கொட்டய எடு" என்றாள். எடுத்தேன். சிறிது நேரத்தில் விரலெல்லாம் பிசுபிசுத்தது.

"இப்ப சொல்லு. அந்த ஊர்ல இன்னா பாத்த?"

"பிளேன் எறங்கினதும்..." என்று ஆரம்பித்தேன்.

"இரு. நான் போயிருந்தா எங்கேர்ந்து கெளம்பியிருப்பேன்? அங்கேர்ந்து சொல்லு."

அதனால் ஆலங்காயத்தில் வீட்டைப் பூட்டியதிலிருந்து சொன்னேன். விமானத்தில் பெல்ட் போடத் தெரியாமல் பக்கத்துக்காரரின் பெல்ட்டைப் போட்டுக்கொண்டதைச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஜன்னலோர சீட்டா? மேகம் கீழே தெரிந்ததா? அந்த மெஷினில் நூல் மேலிருந்து வருமா, பக்கத்திலிருந்து வருமா? மெஷினைப் பற்றி நான் சொன்னதில் இரண்டு இடத்தில் தப்பு என்று, பார்க்காமலே கண்டுபிடித்தாள். தள்ளுவண்டியில் சாய்ந்ததைச் சொன்னபோது முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மேசை மேல் இருந்த அட்டையைப் பற்றியும் சொன்னேன்.

"அஞ்சி நாளும் என் பேர்லயா?"

"அஞ்சி நாளும்."

இரண்டு கொட்டையை எடுத்து முறத்தில் போட்டாள். "ஒழுங்கா தச்சியா?" என்று கேட்டாள். "பேரக் கெடுத்துட்டு வந்துடலியே?"

"மூணாவது நாள் ஒண்ணு கோணலாப் போச்சு" என்று உண்மையைச் சொன்னேன்.

"அதானே பாத்தேன்" என்றாள். அதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்ததாக எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேடியப்பன் பைக்கில் என்னை பஸ்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார். பச்சையம்மாவும் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மூன்று பேருக்கும் அந்த பைக் போதவில்லை. என் புடவையில் பாதி காற்றில் பறந்தது. வழி முழுக்க நான் ஒரு கேள்வியை நாக்கின் நுனியில் வைத்திருந்தேன். கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்கிற உரிமை என்னிடம் இல்லை.

நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கீழே நின்றாள். ஒரு பை புளியை ஜன்னல் வழியாக என் மடியில் தள்ளினாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"கம்பெனி வேன் ஏழரைக்கா எட்டுக்கா இப்ப?" என்றாள்.

"ஏழரைக்குத்தான்" என்றேன்.

"காலைல உப்புமா கிண்டி வெக்காத. பொங்கல் வெய்யி."

பஸ் நகர்ந்தது. நான் தலையை வெளியே நீட்டி, மிளகு முழுசாகப் போடவா பொடித்துப் போடவா என்று கேட்டேன். அவள் ஏதோ சொன்னாள். பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முழு மிளகாகவே போட்டேன். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். வேனுக்கு நேரமாகிவிட்டதென்று என்னைத்தான் அவசரப்படுத்தினாள்.